பழைய அமெரிக்க நோட்டு பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, 1957னு போட்ட ஒரு டாலர், சீல் நீலக் கலர். லட்சத்துக்குப் போகுமா?

பதில்: போகாது தம்பி. நீல சீல்னா சில்வர் சர்டிபிகேட், ஒரு காலத்துல அதக் குடுத்து வெள்ளி வாங்கிக்கலாம், 1968 ஜூனோட நிறுத்திட்டாங்க. ஆனா அடிச்சது கோடிக்கணக்குல, கசங்கின நோட்டுக்கு ரெண்டு டாலர் வந்தாலே பெருசு. நம்பர் பக்கத்துல நட்சத்திரம் இருக்கான்னு பாருங்க, அச்சுல கெட்டுப்போனதுக்கு மாத்தா போட்ட நோட்டு அது, கொஞ்சம் கூட கிடைக்கும்.

கேள்வி: சார், என்கிட்ட 1840 தேதி போட்ட ஆயிரம் டாலர் இருக்கு, பேங்க் ஆஃப் த யுனைட்டட் ஸ்டேட்ஸ்னு பேர், பேப்பர் மஞ்சளா மொறமொறன்னு இருக்கு.

பதில்: நம்பர் 8894 தானே? 😀 பாக்காமலே சொல்றேன், எல்லார்கிட்டயும் அதே நம்பர்தான். பழசு மாதிரி தெரியணும்னே சாயம் ஏத்தி அச்சடிச்ச நகல் அது, வித்தவர்கிட்ட காச திருப்பிக் கேளுங்க.

கேள்வி: மெக்கின்லி படம் போட்ட 500 டாலர், 1934 சீரிஸ். பேங்க்ல செல்லுமா?

பதில்: செல்லும், அதான் பிரச்சனையே! 500 மட்டும் குடுத்துட்டு நோட்ட அழிக்க அனுப்பிடுவாங்க. 1945க்கு அப்புறம் அடிக்கவே இல்ல, 1969ல புழக்கத்துக்கு விடுறதயும் நிறுத்திட்டாங்க, அதனால சேகரிக்கிறவங்க 500க்கு மேலயே தருவாங்க, பேங்க் பக்கம் போயிடாதீங்க.

கேள்வி: 1899 அஞ்சு டாலர், நடுவுல இறகுக் கிரீடம் வச்ச தலைவர் படம், இப்ப இருக்கிற நோட்ட விட பெருசு. மடிப்பு போகட்டும்னு லேசா ஈரம் தொட்டு அயர்ன் பண்ணேன்...

பதில்: அய்யோ, ஏம்மா! அவர் ரன்னிங் ஆன்டிலோப், லகோட்டா தலைவர். 1929ல சைஸ சுருக்குறதுக்கு முன்னாடி வந்த நோட்டுல ஜனங்க விரும்பி வாங்குறதுல இது ஒண்ணு, ஓரளவு நல்லா இருந்தாலே நூத்துக்கணக்கான டாலர். நல்ல நோட்டுல அச்சு மை விரலுக்கு மேடா தட்டும், இஸ்திரி போட்டா அது சப்பையாயிடும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா பழைய மடிப்புக் கோடு அப்படியே தெரியும், நோட்டோட நிலைமையப் பாத்து கிரேடு, அதாவது மார்க் போடுறவங்க ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவாங்க. இனிமே தொடாதீங்க, பிவிசி இல்லாத கவர்ல போட்டு வைங்க, செல்லோடேப் வேணவே வேணாம்.

கேள்வி: சரி, விலைய எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?

பதில்: ஆன்லைன்ல ஒருத்தர் அம்பதாயிரம்னு போட்டிருக்கார்னா அது அவர் ஆசை, ஏலத்துல வித்து முடிஞ்ச விலைய மட்டும் பாருங்க. முதல்ல சீரிஸ் வருஷம், சீல் கலர், ரெண்டு கையெழுத்து, இத வச்சு ஃப்ரீட்பெர்க் நம்பரப் பிடிங்க, அமெரிக்க நோட்டு ஒவ்வொரு வகைக்கும் கேட்டலாக்ல குடுத்த நம்பர் அது, அப்புறம் நோட்டோட நிலைமைக்கு 70க்கு எத்தன கிரேடு வரும்னு பாருங்க. 1890 ஆயிரம் டாலர் ஒண்ணு, பின்பக்கம் சைபரெல்லாம் தர்பூசணி மாதிரி இருக்கும், 2014ல 32.9 லட்சம் டாலருக்குப் போச்சு. அத உங்க வீட்டுப் பொட்டியில தேடாதீங்க 😄 நோட்டோட முன்னும் பின்னும் நேரா போட்டோ எடுத்து அனுப்புங்க, ஓரம் வெட்டாம.