செல்லப் பாம்பின் தோலில் சூட்டுக்காயம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் வெப்பத் தகடு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். நேற்று மாலை அதன் அடிவயிற்றில் உள்ளங்கை நீளத்துக்குத் தோல் சிவந்திருப்பதைப் பார்த்தேன். ஓரிரு செதில்கள் மட்டும் லேசாக உப்பியிருக்கின்றன. மற்றபடி பாம்பு வழக்கம்போலத்தான் இருக்கிறது. சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுத்துப் பார்க்க வேண்டாம், ஊர்வன மருத்துவத்தில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் இன்றோ நாளையோ காட்டிவிடுங்கள். பாம்பின் சூட்டுக்காயம் தன் முழு அளவை முதல் நாளிலேயே காட்டுவதில்லை. இன்று வெறும் சிவப்பாகத் தெரியும் இடம் சில நாட்களில் கொப்புளமாகி, அதன்பின் பழுப்பேறிக் கெட்டிப்பட்டுப் போவது அடிக்கடி நடப்பதுதான்; சூடுபட்ட அடித்திசு ஒரேயடியாக அழிந்துவிடாமல், அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அடைபட்டுப்போகப்போக மெல்ல மெல்லச் சாகிறது. ஆகவே காயத்தின் இன்றைய தோற்றத்தை வைத்து ஆழத்தைக் கணிக்காமல், எவ்வளவு சூடான பரப்பின் மீது எவ்வளவு நேரம் பாம்பு படுத்திருந்திருக்கும் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் கருவி பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

செதில்கள் உப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கொப்புளத்தின் தொடக்கம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் காயம் மேல்தோலோடு நிற்கவில்லை. மேலோட்டமான சூட்டுக்காயத்தில் சிவப்பும் சற்றே வீக்கமும் மட்டும் இருக்கும். அடுத்த நிலையில் செதிலுக்கு அடியில் நீர் கோத்து, உடைந்தால் ஈரமான இளஞ்சிவப்பு உள்தோல் தெரியும். தோலின் முழு ஆழமும் வெந்துவிட்டால் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ தோல்பட்டை போல விறைத்து நிற்கும், தொட்டாலும் பாம்பு நெளியாது. வலி நரம்புகளும் சேர்ந்து அழிந்துவிட்டதால் வரும் அந்த அமைதியை நலமென்று எண்ணிவிடக் கூடாது. பாம்பு வழக்கம்போல இருப்பதும் ஆறுதல் தரும் அடையாளமல்ல. வலியை வெளிக்காட்டாமல் இருப்பது இவ்வுயிர்களின் இயல்பு.

மருத்துவரைப் பார்க்கும் வரை செய்ய வேண்டியவை சில உண்டு. வெப்பத் தகட்டை அணைத்துப் பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். சூடு பட்ட உடனேயே கண்டிருந்தால் காயத்தின் மீது குளிர்ந்த நீரைப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடவிடுவது பயன் தரும். நேற்றே பட்ட காயத்துக்கு அது உதவாது. பனிக்கட்டி எந்த நிலையிலும் வேண்டாம். எண்ணெய், வெண்ணெய், பற்பசை முதலியவை சூட்டை உள்ளேயே அடைத்து அழுக்கையும் சேர்க்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் பிழைத்திருக்கும் திசுவையும் கொன்றுவிடும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்; அதன் மூடி இருக்கும் வரை கீழே உள்ள புண்ணுக்கு அதுவே நல்ல கட்டு. போவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறம் வரும் வரை சுத்தமான நீரில் கலந்து, துணியில் நனைத்து ஒற்றி எடுக்கலாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கிடைத்தால் 2 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு 39 பங்கு நீர் சேர்த்து 0.05 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். வலி குறைக்கும் பொருள் சேர்ந்த களிம்புகளையும் மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும் தொடவே வேண்டாம்.

கேள்வி: மருத்துவர் என் பாம்புக்குச் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசியும் தந்திருக்கிறார். இவ்வளவு இடைவெளி விட்டுப் போடும் ஊசி போதுமா? வீட்டில் நான் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: போதும். பாம்புகளுக்குப் பெரும்பாலும் தரப்படும் செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அவற்றின் உடலிலிருந்து மிக மெதுவாக வெளியேறுவதால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டாலே வேலை செய்கிறது. உங்கள் மருத்துவர் அதைத்தான் தந்திருப்பார் என்று எண்ணுகிறேன். சூட்டுக்காயத்தில் சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் எளிதில் குடியேறிவிடுவதால்தான் இத்தகைய மருந்து தேவைப்படுகிறது. பெரிய காயத்தின் வழியாக உடல் நீர் கசிந்து வெளியேறுவதால் நீரேற்றமும் தேவைப்படலாம். நீர் வற்றிய உடலில் சில மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் மருத்துவர் அதை முதலில் சரிசெய்வார்.

வீட்டில் உங்கள் முதல் வேலை தரையை மாற்றுவது. தேங்காய்நார்த் தூள், மரச்சீவல், மணல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அச்சில்லாத வெள்ளைத் தாளை விரியுங்கள். தினமும், எச்சம் பட்டால் உடனேயும் அதை மாற்ற வேண்டும். தாளில் ஓர் நன்மை உண்டு: காலையில் அதை எடுத்துப் பார்த்தால் இரவில் காயம் எவ்வளவு கசிந்திருக்கிறது, அந்தக் கசிவு தெளிவாக இருக்கிறதா, மஞ்சளா, பச்சையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். மஞ்சளோ பச்சையோ கண்டாலும், நாற்றம் வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். களிம்பை மெல்லிதாகத் தடவினால் போதும். தடித்துப் பூசினால் தாள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலையும் இழுத்துவரும்.

அடுத்தது வெப்பம். காயத்துக்குப் பயந்து பெட்டியைக் குளிர விடுவது பலரும் செய்யும் பெருந்தவறு. பாம்பின் நோயெதிர்ப்பும் செரிமானமும் மருந்தின் வேலையும் சுற்றுப்புற வெப்பத்தைச் சார்ந்தே இயங்குகின்றன. குளிர்ந்த பாம்புக்கு எந்த மருந்தாலும் புண் ஆறாது. பால் பைத்தானுக்குச் சூடான பக்கத்தில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும், குளிர்ந்த பக்கத்தில் 24 முதல் 27 டிகிரியும் இருக்கும்படி காற்றைச் சூடாக்குங்கள். ஈரப்பாசி வைத்த மறைவிடத்தைப் புண் மூடும் வரை எடுத்துவிடலாம். தண்ணீர்க் கிண்ணம் குடிப்பதற்குப் போதுமானதாக, உடல் முழுவதும் அமிழாத அளவில் இருக்கட்டும், ஏனெனில் ஊறிக்கிடக்கும் நீரிலேயே பாம்பு எச்சமிடும்.

இரை கொடுப்பதை மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தி, பின்னர் வழக்கத்தைவிடச் சிறிய இரையாகக் கொடுங்கள். பெரிய இரை உள்ளே போகும்போது அடிவயிற்றுத் தோல் விரிந்து காயம் பிளந்துகொள்ளும். ஆழமான காயம் ஆறப் பல மாதங்கள் பிடிக்கும், ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் சற்றே முன்னேறும். தொட்ட பிறகு கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறக்காதீர்கள். நலமான பாம்பிலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா நுண்ணுயிர் இருக்கலாம்.

கேள்வி: சூடு சுட்டால் எந்த உயிரும் விலகிப் போகுமே, பாம்பு ஏன் வெந்துகொண்டே படுத்திருக்கிறது?

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள திகைப்பு நியாயமானது. பாம்புக்கு வலி உணர்வு உண்டு. ஆனால் அதன் உடல் தனக்கான வெப்பத்தை வெளியிலிருந்தே பெற வேண்டியிருப்பதால், பெட்டியின் காற்று குளிர்ந்திருக்கும்போது அகப்பட்ட ஒரே சூடான இடத்தை விட்டு அகல அது மனம் கொள்ளாது. பக்கத்தில் இருக்கும் மின்விளக்கைச் சுற்றிக்கொண்டு வெந்த பாம்புகளும் உண்டு. இயற்கையில் வெப்பம் பெரும்பாலும் மேலிருந்தும் பரவலாகவும் வருகிறது. மின்சாரத்தால் சூடாகும் செயற்கைச் சூட்டுக்கல்லோ ஒரு சிறு பரப்பில் எல்லாச் சூட்டையும் குவிக்கிறது. சூட்டுக்கற்களை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெப்பத் தகடு வைப்பதானால் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட இயக்கக் கூடாது. அதன் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல், தகட்டுக்கு நேர் மேலே பாம்பின் வயிறு படும் பரப்பில் பொருத்துங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் வாரம் ஒருமுறை சரிபாருங்கள். பாம்பு தரைப்பொருளைத் தோண்டிக்கொண்டு வெறும் கண்ணாடி வரை போய்விடும் என்பதையும் கணக்கில் கொண்டு, கண்ணாடியின் சூட்டையே அளக்க வேண்டும். பெட்டிக்குள் உள்ள விளக்குக்கும் பீங்கான் வெப்பமூட்டிக்கும் கம்பிவலைக் கூடு கட்டாயம்.

கேள்வி: என் பாம்பின் அடிவயிறு முழுவதும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. இதுவும் சூட்டுக்காயமா?

பதில்: கண்கள் நீலம் பாய்ந்து மங்கலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சட்டை உரிப்பதற்கு முன் பல பாம்புகளுக்கு வயிறு சீராகச் சிவந்து, உரித்தபின் மறைந்துவிடும். சூட்டுக்காயமானால் சூடு பட்ட இடத்தில் மட்டும், திட்டமான எல்லையோடு இருக்கும். ஈரமான தரையால் வரும் செதில் அழுகல் செதில்களின் ஓரங்களில் பழுப்பாகத் தொடங்கிச் சிதறிப் பரவும். சிவந்த புள்ளிகள் வயிறெங்கும் தோன்றி, பாம்பும் துவண்டு கிடந்தால் நோய்த்தொற்று இரத்தத்தில் பரவியிருக்கலாம். அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை.

கேள்வி: இரைக்காக விட்ட உயிருள்ள எலி, இரவில் என் பாம்பின் முதுகைக் கடித்துவிட்டது. சிறு துளைகள்தான் தெரிகின்றன. மருந்திட்டால் போதுமா?

பதில்: துளை சிறியது, ஆழம் பெரியது. வெளியே மூடிக்கொண்ட பின் உள்ளே சீழ் கட்டும். பாம்பின் சீழ் நீராக ஓடுவதில்லை. பாலாடைக்கட்டியாக இறுகிவிடுவதால் அதற்குள் மருந்து செல்லாது, அறுத்தே எடுக்க வேண்டியிருக்கும். எனவே துளைகளைக் கழுவி, இந்த நிலையிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். பசியற்ற பாம்பின் முன்னே இரவு முழுவதும் விடப்பட்ட எலி முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் கடித்துத் தின்றுவிடக்கூடும். இனிக் கொன்ற இரையை, உறைந்ததை வெந்நீரில் இளக்கி, நீண்ட கிடுக்கியால் கொடுத்துப் பழக்குங்கள்.

கேள்வி: சூட்டுக்காயம் ஆறிய இடத்தில் பழைய சட்டை ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. உரித்துவிடலாமா?

பதில்: கையால் இழுக்காதீர்கள். தழும்பில் செதில்கள் பழைய ஒழுங்கில் வளராததால் சட்டை அங்கே சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். புண் முழுமையாக மூடியிருந்தால், 28 டிகிரி அளவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை மூடியுள்ள பெட்டியில் போட்டு, பாம்பை அதற்குள் அரைமணி நேரம் ஊர்ந்துபோக விடுங்கள். துணியின் உராய்விலேயே பெரும்பகுதி கழன்றுவிடும். மிச்சமிருப்பதை அடுத்த நாள் மீண்டும் செய்யலாம். கண்ணின் மேல் ஒட்டியுள்ள மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களே எடுக்க முயல வேண்டாம். அதனுடன் அடியில் உள்ள புதிய கண்மூடியும் பெயர்ந்தால் கண் போய்விடும்.