சாயலுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கிறது. சென்ற வாரம் ஆதியாகமம் முதல் அதிகாரம் படித்தோம். ஆதாமின் பாவத்தோடு தேவசாயல் போய்விட்டது, இரட்சிக்கப்பட்டவர்களுக்குத்தான் அது திரும்பக் கிடைக்கிறது, மற்றவர்களிடம் இருப்பது பிசாசின் சாயல் என்று கூட்டத்தை நடத்தும் சகோதரர் சொன்னார். அந்த நேரத்தில் எங்கள் மெய்ட் எல்லாருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மியன்மாரிலிருந்து வந்தவர், பௌத்தர். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. சகோதரர் சொன்னது சரியா? தேவசாயல் என்பதற்கு அன்றாட வாழ்க்கையில் என்ன அர்த்தம்? மெய்ட்டையும் கூட்டத்தில் உட்காரச் சொல்லலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: சரியல்ல, சகோதரி. உங்களுக்கு என்னவோ போலானதே, அந்த உறுத்தல்தான் வேதத்தோடு ஒத்துப்போகிறது.

சகோதரர் முதல் அதிகாரத்தோடு நிறுத்தாமல் ஒன்பதாம் அதிகாரம் வரை படித்திருக்கலாம். ஜலப்பிரளயம் வடிந்த பிறகு, மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் சிறுவயது முதலே பொல்லாதவை என்று தேவன் சொல்கிறார். அது ஆதியாகமம் 8:21. அடுத்த சில வசனங்களுக்குள், மனிதனைக் கொல்லக் கூடாது, ஏனென்றால் அவன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்றும் அவரே சொல்கிறார். அது 9:6. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. மனிதன் கெட்டுப்போனது உண்மை. சாயல் அவனை விட்டுப் போகவில்லை என்பதும் உண்மை. செத்தவன் விசுவாசியா என்று அங்கே கேள்வியே எழவில்லை.

புதிய ஏற்பாட்டிலும் அப்படித்தான். யாக்கோபு 3:9 நாவைப் பற்றிப் பேசுகிறது. அதே நாவால் பிதாவைத் துதிக்கிறோம், 'தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்ட மனுஷரை' அதே நாவால் சபிக்கிறோம் என்று வருத்தப்படுகிறது. பாடி ஜெபித்த கையோடு, தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம் பிசாசின் சாயல் இருக்கிறது என்று சொன்ன கூட்டத்துக்கு இதைவிட நேரான வசனம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. 'உங்கள் தகப்பன் பிசாசு' என்று இயேசு சொன்னாரே என்று சகோதரர் கேட்கலாம். அது யோவான் 8-இல் இருக்கிறது. யாரிடம் சொன்னார்? வேதம் அறிந்தவர்களிடம், ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று உரிமை கொண்டாடியவர்களிடம். வீட்டு வேலை செய்த புறமதத்துப் பெண் யாரிடமும் அவர் அப்படிப் பேசியதில்லை.

எகிப்தில் துட்டன்காமுன் என்று ஓர் அரசன் இருந்தானே, அவன் பெயருக்கு 'ஆமோன் தெய்வத்தின் உயிருள்ள சாயல்' என்று பொருள். அந்தக் காலத்தில் எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் தெய்வத்தின் சாயல் என்பது அரசனுக்குக் கொடுத்த பட்டம். செங்கல் சுமந்தவனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அந்த உலகத்துக்கு நடுவில்தான் ஆதியாகமம், 'ஆணும் பெண்ணுமாக' எல்லாரையும் தேவன் தம்முடைய சாயலாகவே சிருஷ்டித்தார் என்கிறது. அரசனிடமிருந்து இறக்கி எல்லார் தலையிலும் வைத்த கிரீடம் அது. அதைத் திரும்பவும் ஒரு சிலருக்கு மட்டும் என்று பூட்டி வைக்க நமக்கு என்ன அதிகாரம்? பாவம் மனிதனை எவ்வளவு ஆழமாகக் கெடுத்தது என்று, பதினாறாம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வினைவிடக் கடுமையாக எழுதியவர்கள் குறைவு. அவரே, எதிரே நிற்பவன் அந்நியனோ, ஒன்றுக்கும் உதவாதவனோ, அவனிடம் உள்ள தேவசாயலைப் பார்த்து அவனை நேசி என்றுதான் கற்பித்தார்.

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் ஏழு இடங்களில் 'மெய்ட்' என்று இருக்கிறது. அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நம் எல்லார் வீட்டுப் பழக்கமும் அதுதான். ஆனால் தேவசாயல் என்ற பேச்சை அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

இந்தச் சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் என்ற விதி 2013 ஜனவரியில் வந்தது. அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்து வேலை வாங்கிக்கொள்ள வழியும் இருந்தது. அதனால், மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று 2023 ஜனவரி முதல் இன்னொரு விதி போட வேண்டியிருந்தது. வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் 5:14 சொல்லி எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! ஞாயிறு ஆராதனைக்குப் போகும் நமக்கு மனிதவள அமைச்சு நினைவூட்ட வேண்டியிருந்தது என்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. கடப்பிதழையும் சொல்லிவிடுகிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்று பணிப்பெண்ணின் கடப்பிதழை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பது இங்கே சட்டப்படி குற்றம். அப்படிச் செய்கிற விசுவாசிகளை எனக்குத் தெரியும்.

ஒரு சபையில் ஆராதனை முடிந்து மதிய உணவு. குடும்பம் மேசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறது. பணிப்பெண் பின்னால், குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நிற்கிறார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நானும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். உட்காரம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சாதியையும் விட்டுவிட முடியாது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். கடல் தாண்டி வந்த பிறகும், 'பையன் விசுவாசியா?' என்று கேட்ட அடுத்த மூச்சில் 'என்ன ஆட்கள்?' என்று கேட்கும் பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். இதற்கு மேல் இங்கே இடமில்லை. தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அப்படியானால் கிறிஸ்தவனுக்கென்று தனியாக ஒன்றும் இல்லையா? இருக்கிறது. சாயல் எல்லாருக்கும் பொது. அந்தச் சாயலுக்குரியவரைப்போல் மாறிக்கொண்டே வருவதுதான் நமக்குக் கொடுத்திருக்கும் வேலை. தேவனுடைய சாயல் கிறிஸ்துவே என்கிறது கொலோசெயர் 1:15. மூன்றாம் அதிகாரத்தில், சிருஷ்டித்தவருடைய சாயலுக்கொப்பாய்ப் புதிதாக்கப்படுகிறீர்கள் என்று பவுல் சொல்கிறார். அதற்கு முந்தின வரிகள் கோபம், தூஷணம், பொய் பற்றியவை. அடுத்த வரியில், அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி 4:1-இல், எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் உண்டு, வேலைக்காரருக்கு நீதியானதைச் செய்யுங்கள். பவுலுக்குத் தேவசாயல் என்ற பேச்சு வீட்டு வேலைக்காரரில் வந்துதான் நிற்கிறது. அடுத்த கூட்டத்தில் இந்தப் பகுதியைச் சகோதரரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி, கூட்டத்தில் உட்காரச் சொல்லலாமா என்பது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விருப்பமா என்று கேளுங்கள். வந்தால் உங்கள் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம், முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டம் முடிய இரவு பதினொன்றாகிறது என்று எழுதியிருந்தீர்கள். தேநீர்க் கோப்பைகளை நீங்களும் அந்தச் சகோதரரும் கழுவி வையுங்கள். அந்தப் பெண் தூங்கட்டும்.

– ஆசிரியர்