சீமைக் கருவேலத்துக்கு ஒரு பெயர்ப்பலகை

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டுக்கு அரிசோனா வந்திருக்கிறேன். டூசான் நகருக்கு வெளியே உள்ள அரிசோனா-சொனோரா பாலைவன மியூசியத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாங்களும் அங்கே போனோம். ஜூன் மாதம், பகல் பதினோரு மணி. மியூசியம் என்று பேர், ஆனால் கட்டடத்தையே காணோம். வெயிலில் நடந்ததுதான் மிச்சம். விலங்குகளில் பாதி கண்ணில் படவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். எங்கள் கண்மாயை அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலம் மாதிரியே ஒரு மரம். அதற்குப் பெயர்ப்பலகை வைத்து வளர்க்கிறார்கள். நாங்கள் ஜேசிபி விட்டுப் பிடுங்குவதை இவர்கள் இப்படிப் பாதுகாப்பது எனக்கு மனசு ஆறவில்லை.

மு., பரமக்குடி

அன்புள்ள அம்மா,

போகும் நேரத்தை நான் எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். நான் போனது பிப்ரவரியில், காலை வேளையில். ஹாரிஸ் பருந்துகள் குடும்பமாகச் சேர்ந்து இரை தேடுவதைத் தலைக்கு மேலேயே பறக்கவிட்டுக் காட்டினார்கள். ஜூன் பகலில் அங்கே உள்ள உயிர்கள் வளைக்குள்ளும் பாறை நிழலிலும்தான் கிடக்கும். அப்படிக் கிடப்பதால்தான் அவை பிழைக்கின்றன.

1952இல் தொடங்கிய இடம் அது. 98 ஏக்கர், அதற்குள் சுமார் 2 மைல் நடைபாதை. சொனோரன் பாலைவனத்தின் செடி, விலங்கு, கல் எல்லாவற்றையும் அந்தப் பாலைவனத்திலேயே வைத்துக் காட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம். அதனால்தான் கட்டடங்கள் அவ்வளவாக உங்கள் கண்ணில் படவில்லை.

சரி, மரத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது மெஸ்கீட். நம் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி. நம் கண்மாயில் நிற்கும் மரத்தின் பூர்வீகமும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம்தான். அரிசோனாவில் மெஸ்கீட் எவ்வளவு பேருக்குச் சோறு போடுகிறது தெரியுமா? ஓநாய் மாதிரி இருக்கும் கயோட்டியும், காட்டுப்பன்றி மாதிரி இருக்கும் ஹாவலினாவும் அதன் காய்களைத் தின்கின்றன. விதையைத் துளைத்துத் தின்னத் தனி வண்டுகள் இருக்கின்றன. அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான டொஹோனோ ஓதம் மக்கள் காயை இடித்து மாவாக்குவார்கள். இன்னொன்றும் உண்டு. கை விரித்து நிற்கும் அந்த ராட்சதக் கள்ளி, சவாரோ, பிறந்து எட்டு வருஷத்தில் ஒன்றரை அங்குலம்தான் வளரும். கிளை விட ஐம்பது, எழுபத்தைந்து வருஷம்கூட ஆகும். அந்தப் பிஞ்சு வயதில் வெயிலும் உறைபனியும் படாமல் காப்பது மெஸ்கீட், பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழல்தான். அந்த ஊர்க்காரர்கள் இவற்றைச் செவிலி மரங்கள் என்கிறார்கள். சீமைக் கருவேலம் நம் ஊருக்கு வந்தபோது இப்படிப்பட்ட உறவுகள் எதுவும் கூட வரவில்லை, மரம் மட்டும் வந்தது. நீங்கள் பிடுங்குவதும் சரி, அவர்கள் வளர்ப்பதும் சரி.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. டூசானைச் சுற்றியுள்ள மலைகளில் தன்னார்வலர்கள் வெயிலில் குனிந்து ஒரு புல்லை வேரோடு பிடுங்குகிறார்கள், மியூசியமும் அந்த வேலையில் முன்னால் நிற்கிறது. பஃபல் புல் என்று பெயர். நம் பக்கத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் விதைக்கிறோமே, அந்தக் கொழுக்கட்டைப் புல்தான்! ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்திலும் இயல்பாக வளர்வது. அங்கே 1930களில் தீவனத்துக்காகக் கொண்டுபோனார்கள். சொனோரன் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் கிடக்கும், தீ பிடித்தாலும் லேசில் பரவாது. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. காய்ந்து பற்றிக்கொண்டால், தீயோடு பழக்கமே இல்லாத சவாரோக்கள் வெந்து செத்துப்போகின்றன. நூறு வருஷம் நின்றவை. கருகி நிற்கும் சவாரோவைப் பார்த்தபோது, எனக்குச் சீமைக் கருவேலம் மூடிய நம் கண்மாய்களின் ஞாபகம்தான் வந்தது.

ஊருக்குத் திரும்புமுன் இன்னொரு முறை போய் வாருங்கள் அம்மா. ஜூலையில் அங்கே மழைக்காலம் தொடங்கிவிடும். மழை விட்டதும் கிரியோசோட் புதரிலிருந்து வரும் வாசனையை நம் மண்வாசனையோடு சேர்த்துவிடாதீர்கள், அது வேறு. காலையில் திறந்தவுடன் உள்ளே போய், அந்த மெஸ்கீட் மரத்தடியில் கொஞ்சம் குனிந்து தேடுங்கள். கட்டைவிரல் உயரத்தில் ஒரு சவாரோ நின்றாலும் நிற்கும்.