மணிக்குள் ஈஸ்ட், காந்தத்துக்குள் மணி: கேள்வி பதில்

ஈஸ்ட் செல்களை ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கூழ்ப்பொருள்) மணிகளில் அடைத்து, அவை சர்க்கரையை எப்படிச் சிதைக்கின்றன என்பதை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கருவியில் பார்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

செல்லை உடைக்காமலே உள்ளே நடப்பது எப்படித் தெரிகிறது, ஐயா?

இயற்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் முழுவதும், இந்தக் கருவிக்குத் தெரியும் பாஸ்பரஸ்-31தான். தனியாக அடையாளமிட வேண்டியதில்லை. செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸுக்கு உடனே ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. ஆகவே கருவி வரையும் நிறமாலையில் சர்க்கரை பாஸ்பேட்டுகள், தனி பாஸ்பேட், செல்லின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யின் மூன்று முகடுகள், பாலிபாஸ்பேட் (பாஸ்பேட் சங்கிலி) எல்லாம் வரிசையாக நிற்கும். எனக்குப் பிடித்தது தனி பாஸ்பேட்தான். அமிலத்தன்மை மாறினால் அதன் முகடு இடம் மாறும். செல்லின் உட்புற பி.எச். அதிலிருந்தே கிடைத்துவிடும். 1973இல் மூனும் ரிச்சர்ட்ஸும் சிவப்பணுக்களில் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு குறை: மில்லிமோலார் அளவை ஒட்டி இருப்பவைதான் கண்ணில் படும். அதைவிட மிகக் குறைவாக இருப்பவை இரைச்சலில் மறைந்துவிடும்.

குழாயில் ஈஸ்ட் கரைசலை ஊற்றினால் போதாதா? மணி எதற்கு?

போதுமான சமிக்ஞைக்குச் செல்கள் கெட்டியாக இருக்க வேண்டும். அவ்வளவு கெட்டியான ஈஸ்ட், கொடுத்த சர்க்கரையைச் சில நிமிடங்களில் தின்று தீர்த்துவிடும். ஒரு நல்ல நிறமாலையைப் பதிவு செய்யவும் நிமிடங்கள் ஆகின்றன. இதற்கிடையில் செல்கள் அடியில் படியும், எத்தனால் சேரும், ஆக்சிஜன் தீரும். மணிகளாக்கி அவற்றின் வழியே புதிய ஊடகத்தை ஓடவிட்டால், செல்கள் கருவியின் சமிக்ஞை பிடிக்கும் கம்பிச்சுருளுக்குள்ளேயே இருக்கும். சூழலும் நிலையாக இருக்கும்.

ஊடகத்தை ஓடவிட்டதும் என் மணிகள் மெல்ல மெல்லக் குழைந்துவிடுகின்றன. கால்சியம் குளோரைடு போதவில்லையா?

தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) பாஸ்பேட் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆல்ஜினேட்டைக் கட்டி வைத்திருப்பது கால்சியம். அதைப் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் பிடுங்கிக்கொள்கின்றன. இரண்டையும் விலக்கி, ஊடகத்திலும் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேருங்கள். வெளியே பாஸ்பேட் இல்லாவிட்டால் இன்னொரு லாபம்: செல்லுக்குள் இருக்கும் சிறிய பாஸ்பேட் முகட்டை வெளியிலிருக்கும் பெரிய முகடு மறைக்காது.

குழைவு நின்றதும் குமிழித் தொல்லை வரும். நொதித்தலில் பிறக்கும் கார்பன் டை ஆக்சைடு, மணிகளைப் பிளக்கும். காந்தப்புலத்தின் சீர்மையைக் கெடுத்து முகடுகளை அகலப்படுத்தும். சிறிய மணிகளாகச் செய்து, ஊடகத்தைக் கீழிருந்து மேலாகச் செலுத்துங்கள். குமிழிகள் தங்காமல் மேலே போய்விடும்.

கார்பன்-13 குளுக்கோஸ் விலை அதிகம். அவசியமா?

கேள்வியைப் பொறுத்தது. இயற்கைக் கார்பனில், கருவிக்குத் தெரியும் கார்பன்-13 சுமார் 1.1 சதவீதம்தான், அடையாளமிடாமல் பாதையைத் தொடர்வது கடினம். முதல் கார்பனில் அடையாளமிட்ட குளுக்கோஸைக் கொடுத்தால் அது எத்தனாலின் மெத்தில் கார்பனில் வந்து நிற்கும். கிளிசராலும், ஈஸ்ட் சேமித்து வைக்கும் சர்க்கரையான டிரெஹலோஸும் தனித்தனியே தெரியும். குளுக்கோஸ் சிதையும் வழியில் உருவாகும் ஃபிரக்டோஸ் பிஸ்பாஸ்பேட்டில் அடையாளம் ஆறாம் கார்பனுக்கும் தாவியிருக்கும். இரண்டாகப் பிளந்த சர்க்கரை திரும்பவும் ஒட்டுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. 1970களின் இறுதியில் ஷுல்மன் குழு இதை ஈஸ்ட்டில் கண்டது, பெல் ஆய்வகங்களில். தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஈஸ்ட்! சக்தி நிலை, பி.எச். மட்டும் போதுமென்றால் பாஸ்பரஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடைத்து வைத்த செல் இயல்பாகத்தான் இருக்கிறதா?

இல்லை. நிம்மதியாகப் பார்ப்பதற்காகச் செல்லைப் பிடித்து வைக்கிறோம். பிடித்த பிடியிலேயே அது மாறிவிடுகிறது. கலாஸோவும் பெய்லியும் வெளியிட்ட 1990ஆம் ஆண்டுக் கட்டுரை இதைத்தான் அளந்தது. ஆல்ஜினேட்டில் அடைபட்ட செல்கள் குளுக்கோஸை வேகமாக உள்ளிழுத்தன. மிதக்கும் செல்களில் எத்தனால் உற்பத்தியை அதிகம் கட்டுப்படுத்திய படி, குளுக்கோஸ் உள்ளே வருவதுதான். அடைபட்டவற்றில் அந்தப் பிடி பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதிக்கு மாறியது. வளராத அந்தச் செல்களில், வெளி பி.எச். 5.5 ஆக இருந்தபோது ஏ.டி.பி. செலவாகும் வேகமும் உற்பத்தியைப் பெரிதும் மட்டுப்படுத்தியது, 4.5இல் அதன் பங்கு அற்பமே. எனவே மணியில் எடுத்த எண்களை மிதக்கும் ஈஸ்ட்டின் எண்களாக எழுதுவது தவறு. இரண்டையும் ஒரே நிபந்தனையில் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மணியின் ஓரத்திலும் நடுவிலும் உள்ள செல்களுக்கு ஒரே அளவு சர்க்கரை கிடைப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நிறமாலை தருவது மொத்தச் சராசரி.

கடையில் ரொட்டிக்கு வாங்கும் ஈஸ்ட்டை வைத்துப் பழகலாமா?

தாராளமாக. அதுவும் சாக்கரோமைசிஸ் செரிவிசியேதான். ஆனால் உலர் ஈஸ்ட்டில் டிரெஹலோஸ் நிறைய இருக்கும். கார்பன் நிறமாலையில் அந்த முகட்டைப் பார்த்து, நீங்கள் கொடுத்த குளுக்கோஸிலிருந்து வந்ததாக எண்ணிவிடாதீர்கள். சர்க்கரை கொடுப்பதற்கு முன்பே ஒரு நிறமாலை எடுத்துவிடுங்கள்.