முதுகைச் சுவரோடு ஒட்டி நடக்கும் மகன்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. அவனுடைய அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். போன லீவில் வந்தபோது நிண்டென்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியும் ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யூ டீலக்ஸ்’ என்ற கேமும் கொண்டுவந்து கொடுத்தார். அதில் வெள்ளையாக, உருண்டையாக ஒரு பேய் வருகிறது. கேமின் நாயகன் மாரியோ அதைப் பார்த்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கும். திரும்பினால் துரத்தும். அந்தக் கட்டத்துக்கு வந்த நாளிலிருந்து மகன் பொழுதுபட்ட பிறகு குசினிக்கோ கிணற்றடிக்கோ தனியே போவதில்லை. போனாலும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறான். படுக்கும்போது, “அம்மா, என்ர முதுகைப் பாத்துக்கொள்ளுங்கோ” என்கிறான். இதற்குள் என் அம்மா வேறு, இருட்டில் பின்னாலிருந்து ஆர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறா. கணவரிடம் சொன்னால், பொம்மைப் பேய்தானே என்று சிரிக்கிறார். சித்திரை லீவுக்கு வரும்போது ‘லூயிஜி மேன்ஷன் 3’ என்று இன்னொரு பேய் கேம் கொண்டுவரப் போகிறாராம். இருப்பதையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடவா?
— ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: பூட்ட வேண்டாம், தங்கச்சி. இப்போது பூட்டினால் மகனுடைய நினைவில் அந்தப் பேய் கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அதாவது, அவனுக்குப் பின்னால், துரத்திக்கொண்டு. கேமில் அந்தப் பேய் இருக்கும் வீட்டைத் தாண்டி அவன் வெளியே வந்த பிறகு கேமை ஓய்வுக்கு வைப்பது வேறு விஷயம்.

முதலில் உங்கள் மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் சுவரோடு ஒட்டி நடப்பதை நீங்கள் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதை வாசித்தபோது அந்தப் பிள்ளையின் மூளை மீது மதிப்பு வந்தது. அவனிடம் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. கேம் சொல்கிறது, பின்னால் வருவதைத் திரும்பிப் பார், பார்த்தால் அது நின்றுவிடும். அம்மம்மா சொல்கிறா, திரும்பிப் பார்க்கவே கூடாது. இரண்டில் எதைக் கேட்டாலும் மற்றதை மீற வேண்டும். ஆனால் முதுகுக்குப் பின்னால் இடமே இல்லாமல் செய்துவிட்டால்? திரும்பவும் தேவையில்லை, பேய் வரவும் வழியில்லை. ஏழு வயதில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே கண்டுபிடித்த வழி அது. இதை அவனிடமே சொல்லுங்கள். “நீ கெட்டிக்காரன், அதுதான் இப்பிடி நடக்கிறாய் எண்டு எனக்கு விளங்கீட்டுது” என்று. பயந்தாங்கொள்ளி என்ற சொல் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, வேடிக்கைக்குக்கூட.

அப்புறம் அந்தப் பேய். அதன் பெயர் ‘பூ’ (Boo). 1988இல் ஜப்பானில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’இல்தான் முதன்முதலில் தலைகாட்டியது. அன்றிலிருந்து மாரியோ கேம்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. மகன் ஏன் இதற்கு மட்டும் இப்படிப் பயப்படுகிறான் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மாரியோவின் மற்ற எதிரிகள் பெரும்பாலும் முன்னால் தெரியும்படி வருவார்கள். நடக்கும் காளானும் சரி, ஆமையும் சரி, தலையில் குதித்தால் கதை முடிந்தது. இந்தக் கேம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் வித்தையே அதுதான். பேய் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வித்தை செல்லாது. தலையில் குதித்தால் அடிபடுவது மாரியோதான். நெருப்புருண்டை எறிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கையில் இருந்த ஆயுதங்கள் எல்லாம் ஒரே கதவுக்குள் பறிபோன பிள்ளைக்குப் பயம் வராமல் என்ன செய்யும்? உங்கள் கணவர் சிரிப்பது அந்தப் பேயின் உருவத்தைப் பார்த்து. மகன் பயப்படுவது அது நடந்துகொள்ளும் விதத்துக்கு.

இந்தப் பேய் எப்படிப் பிறந்தது என்பதைக் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியமோட்டோவே ஒரு பேட்டியில் சொன்ன கதை இது. அவரோடு வேலை செய்த தகாஷி தெசுகாவின் மனைவி மிகவும் அமைதியானவர். கணவர் எந்நேரமும் வேலையிடத்திலேயே கிடந்ததைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் வெடித்துவிட்டார். தெசுகா அதைக் கேமுக்குள் கொண்டுவந்தார். எதிரே பார்த்தால் கூசி ஒடுங்கும், முகத்தைத் திருப்பினால் பல்லைக் காட்டிக்கொண்டு வரும் பேய் அப்படித்தான் உருவானது. வீட்டுக்கு வர நேரமில்லாத ஒரு மனிதரின் மனைவியுடைய கோபம் அது. கடல் கடந்து உழைக்கும் உங்கள் கணவரை நான் குறை சொல்லவில்லை. குடும்பத்துக்காகத்தான் அவர் அங்கே வெயிலில் நிற்கிறார். ஆனாலும் இந்தக் கதையைக் கேட்டால், தொலைபேசியில் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போக அவருக்கு மனம் வராது என்று நினைக்கிறேன்.

சரி, இனிச் செய்ய வேண்டியது. உங்கள் மகன் அந்தப் பேயின் பாதிச் சட்டத்தைத்தான் படித்திருக்கிறான். பார்த்தால் நிற்கும், அது சரி. ஆனால் பார்த்துக்கொண்டே நின்றால் மாரியோ எங்கே போவது? கதவு மற்றப் பக்கம் இருக்கிறது. மேலே ஒரு மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பேய் வீட்டை முடித்த பிள்ளைகள் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டித்தான் முடித்திருக்கிறார்கள். கொஞ்சம் ஓடுவது, நெருங்கி வந்தால் திரும்பி ஒரு பார்வை, அது நின்றதும் மறுபடி ஓட்டம். துரத்தும்போதுகூட அந்தப் பேய் மிகவும் மெதுவாகத்தான் மிதந்து வரும். மாரியோ ஓடினால் அதற்கு எட்டாது. திரையில் இதை அவன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். முதுகைக் காட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்று அவன் உடம்புக்குத் தெரிய வேண்டும். நூறு தரம் “பயப்பிடாதை” என்று சொல்வதைவிட அது பெரிது.

அதற்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க இல்லை, விளையாட. இந்தக் கேமில் நான்கு பேர்வரை ஒரே நேரத்தில் சேர்ந்து விளையாடலாம். ஸ்விட்சோடு வரும் இரண்டு சின்னக் கைப்பிடிகளையும் கழற்றினால் ஆளுக்கொன்று. உங்களுக்குக் கேம் தெரியாதென்றால் அது இன்னும் நல்லது, அவன் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆட்களைத் தெரிவு செய்யும் இடத்தில் நாபிட் என்று ஊதா நிறத்தில், முயல் மாதிரி ஒருவன் இருப்பான். எந்த எதிரி தொட்டாலும் அவனுக்கு அடிபடாது. ஆனால் பள்ளத்தில் விழுந்தால் தப்ப முடியாது. முதல் இரண்டு மூன்று தடவை மகன் நாபிட்டாக விளையாடட்டும். பேய் அவன் மேல் வந்து இடிக்கும், அவன் நடந்துகொண்டே போவான். அந்தப் பேயைக் கிட்ட இருந்து, அவசரமில்லாமல் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. பிறகு அவனாகவே மாரியோவைக் கேட்பான். கேட்கும்வரை நீங்கள் வற்புறுத்த வேண்டாம். இதெல்லாம் பகலில், சனி ஞாயிறு காலையில் நடக்கட்டும். படுக்கைக்கு முன் கேம் வேண்டவே வேண்டாம். பெற்றோருக்கென்று நிண்டென்டோ இலவசமாகத் தரும் செயலியை உங்கள் போனில் போட்டால், ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் என்று வைக்கலாம்.

திரைக்கு வெளியேயும் ஒரு விளையாட்டு இருக்கிறது. பின்னேரம் உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, மற்றவர்கள் பின்னாலிருந்து பதுங்கிப் பதுங்கி வருவதும், அவர் திரும்பினால் எல்லோரும் சிலை மாதிரி நிற்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்த விளையாட்டுத்தானே. அதில் முதலில் நீங்கள் மாரியோ, மகன் பேய். அவன் பேயாக வரட்டும். பின்னால் வருகிறவனுக்கு எவ்வளவு சிரிப்பு வருகிறது, ஆடாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியட்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அவன் முதுகைக் காட்டி நிற்கும் முறை கடைசியில் வரட்டும். அவனுக்குப் பின்னால் முதலில் வருகிற ஆள் நீங்களாக இருங்கள்.

மாரியோ கதைகளிலேயே இந்தப் பேயின் மறுபக்கம் நிறைய உண்டு. 2000ஆம் ஆண்டு வந்த ‘பேப்பர் மாரியோ’வில் இதே இனத்துப் பெண் ஒருத்தி மாரியோவோடு கூட்டுச் சேர்ந்து, ஆபத்து வரும்போது அவரை மறைத்துக் காப்பாற்றுவாள். 2007இல் வந்த ‘சூப்பர் மாரியோ கேலக்ஸி’யில் ஒரு காளானைத் தின்றால் மாரியோவே அந்தப் பேயாக மாறிக் கம்பிகளுக்குள்ளால் மிதந்து போவார், வெளிச்சம் பட்டால் பழையபடி மனிதராகிவிடுவார். இரவில் கதை கேட்டால் இவற்றைச் சொல்லுங்கள். கரண்ட் போகிற இரவுகளில் டோர்ச்சை அவன் கையிலேயே கொடுங்கள், அந்தக் கேலக்ஸிக் கதை அப்போது நன்றாக உதவும்.

அம்மம்மாவின் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. திரும்பிப் பார்க்காதே என்று சொல்லித்தான் நம்மையும் வளர்த்தார்கள். அந்தச் சொல்லில் ஒரு நல்ல நோக்கமும் இருக்கிறது. இருட்டில் தனியே போகிற பிள்ளை வழியில் நின்று மினைக்கெடாமல் நேரே வீடு வந்து சேர வேண்டும். ஆகவே பேரனுக்கு முன்னால் உங்கள் அம்மாவை மறுத்துப் பேசாதீர்கள். தனியாக இருக்கும்போது மகனின் நிலைமையை அவவுக்கு விளக்கி, ஒரு உதவி கேளுங்கள். “அம்மா, நீங்கள் சின்னனில இருட்டுக்குள்ள தனிய வரேக்க என்ன செய்தனீங்கள் எண்டு அவனுக்குச் சொல்லுங்கோ” என்று. எங்கள் ஊர் அம்மம்மாமாரிடம் இதற்குக் கதை இல்லாமல் போகாது. தேவாரம் பாடிக்கொண்டு வந்திருப்பா, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருப்பா. சட்டத்தை மட்டும் கொடுத்தவ, தான் தப்பி வந்த வழியையும் கொடுக்கட்டும். கூடவே ஒரு திருத்தத்தையும் அவவே சொல்லட்டும். வீட்டுக்குள் அம்மா கூப்பிட்டால் தாராளமாகத் திரும்பலாம். அம்மம்மா வாயால் வந்தால்தான் அந்தத் திருத்தம் செல்லும். நீங்கள் சொன்னால் செல்லாது.

கணவருக்கு ஒரு வேலை. வீடியோவில் கதைக்கும்போது ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு அவர் கேள்வி கேட்கட்டும். “அந்தப் பேய் எத்தினை விதம்? எது பாத்தால் நிக்கும், எது நிக்காது? கதவு எங்க இருக்கு?” என்று. மாரியோவின் பழைய கேம்களில் வட்டமாகச் சுற்றும் பேய்க் கூட்டமும் உண்டு, அவை பார்த்தாலும் நிற்காது. இப்படி விவரம் விவரமாக அப்பாவுக்கு விளக்கத் தொடங்கும் பிள்ளை, தன்னை அறியாமலேயே அந்தப் பேய் வீட்டின் வழிகாட்டியாகிவிடும்.

ஓரிரு வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் வராமல் தவித்தால், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால், படுக்கையில் சிறுநீர் போவது நின்றிருந்து மறுபடி தொடங்கினால், தாமதிக்காமல் ஒரு பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். அப்பா விட்டுப் போன ஏக்கமும் பேய்ப் பயத்தோடு கலந்திருக்கலாம், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

லூயிஜி மேன்ஷன் 3ஐக் கொண்டுவரட்டும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பெட்டியை அவரே பிரித்து, லீவு முடியும்வரை மகனோடு அவரே விளையாட வேண்டும். கொடுத்துவிட்டு வெளியே கிளம்பக் கூடாது. 2019இல் வந்த கேம் அது. அதில் இந்தப் பேய்களின் ராஜா மாரியோவையும் மற்றவர்களையும் ஓவியங்களுக்குள் அடைத்துவிடுவான். மீட்கப் போகிற மாரியோவின் தம்பி லூயிஜி ஒரு பயந்த மனிதர், கை கால் நடுங்க நடுங்கத்தான் ஒவ்வொரு அறைக்குள்ளும் போவார், ஆனாலும் போவார். அப்படி ஒரு கதாநாயகனை இந்த நேரத்தில் உங்கள் மகன் பார்ப்பது நல்லதுதான். தொடக்கத்தில் கொஞ்சத் தூரம் போன பிறகு இரண்டாவது ஆளும் சேரலாம். கூயிஜி என்று பச்சை ஜெலி மாதிரி ஒருவன். முட்களின் மேல் நடப்பான், கம்பிகளுக்குள்ளால் நுழைவான், தண்ணீர் பட்டால் மட்டும் கரைந்துவிடுவான். கரைந்தாலும் திரும்ப வரலாம். அப்பா லூயிஜியாக இருக்கட்டும், மகனுக்குக் கூயிஜியைக் கொடுங்கள். லீவு முடிந்து அவர் விமானம் ஏறும்போது கேம் பாதியில் நின்றால், மிச்சத்தை நீங்கள் லூயிஜியாக இருந்து தொடருங்கள்.