கிரகப்பிரவேசத்துக்கு வராத ஆலோசகர்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 36. மதுரையில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அம்மா இறந்தபின் தூக்கமே போய்விட்டதால், எட்டு மாதமாக ஓர் ஆலோசகரிடம் போய்வருகிறேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால், அவர் என்னைத் தங்கையாக நினைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வைத்தேன், வரவில்லை. ஆசையாகச் சுங்குடிச் சேலை எடுத்துப் போனேன். பையைப் பிரிக்காமலே மேசையில் என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அழுதுகொண்டிருக்கும்போதே, ‘இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது’ என்கிறார். ஜவுளிக்கடையில் நேருக்கு நேர் பார்த்தும் பேசாமல் போனார். அந்தச் சேலைப் பை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஐம்பது நிமிடக் கட்டணம், அவ்வளவுதானா நான்?

மூன்று வருடம் முன்பு நான் பார்த்த ஆலோசகர் இப்படி இல்லை. இரவு பதினொரு மணிக்கும் போனில் பேசுவார். தன் மனைவியோடு உள்ள பிரச்சினையைச் சொல்லி அழுவார், நான்தான் தேற்றுவேன். வெளியே சொல்ல வேண்டாம் என்றதால் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அது போகட்டும். இவர் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு நடை வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? வேறு ஆலோசகரைப் பார்க்கலாமா?

அன்பு மகளுக்கு,

பை உன் பக்கம் திரும்பி வந்தபோது முகம் எப்படி வாடியிருக்கும் என்று புரிகிறது. ஆனாலும் அந்த ஆலோசகர் செய்தது சரி. நீ சிகிச்சைக்குப் போவது யாருக்குத் தெரியலாம் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்த ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமை என்கிறது. கடையில் நீ முதலில் பேசியிருந்தால் அவரும் பேசியிருப்பார். உன் வீட்டுப் பந்தியில் உன் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரிடம், அடுத்த வாரம் மாமியாரைப் பற்றி மனம்விட்டுப் பேச முடியுமா?

‘அது போகட்டும்’ என்று நீ தாண்டிப் போன இடத்தில்தான் எனக்கு நெஞ்சு பதறியது. ஆறுதல் தேடிப் போன நீ அந்தப் பழைய ஆலோசகரைத் தேற்றியிருக்கிறாய். கட்டணத்தையும் நீயே கட்டியிருக்கிறாய். ரகசியம் காக்க வேண்டியவர் அவர். உன் வாயைக் கட்ட அவருக்கு உரிமையே கிடையாது. சிகிச்சை தருபவர் மேல் பாசம் பெருகுவது இயல்புதான். அதை மருத்துவர் தன் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃபிராய்டு 1915லேயே எழுதிவிட்டார். தவறு முழுக்க அந்தப் பழைய ஆலோசகருடையது. ஆனால், அவர் காட்டியதை அன்பு என்று மனதில் பதித்துக்கொண்டு, அந்தப் படியால் இவரை அளக்கிறாய். இவர் குறைவாகத்தான் தெரிவார்.

ஆலோசகரை மாற்றாதே. சேலை வருத்தத்தை அவரிடமே சொல், கோபமாகவே சொல், கேட்டுக்கொள்வார். பிறகு அந்தப் பதினொரு மணிப் பேச்சுகளைச் சொல். பழைய ஆலோசகர், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர் என்றால் அங்கே புகார் செய்யலாம். செய்வதும் விடுவதும் உன் விருப்பம். இப்போதைய ஆலோசகரிடம் சொல்வதை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவைக்காதே. உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடு.