ஹிம் எங்கே, ஹிம்செல்ஃப் எங்கே?

வணக்கம் சகோதரி. 'ரவி கண்ணாடியில் தன்னைப் பார்த்தான்' என்பதை உங்கள் மகள் 'ரவி லுக்ட் அட் ஹிம்' என்று எழுதி மதிப்பெண் இழந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். அவள் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் மாறிவிட்டது. ஹிம் என்றால் ரவி வேறொரு பையனைப் பார்த்தான் என்றாகிவிடும். செய்தவனும் செய்யப்பட்டவனும் ஒரே ஆள் என்றால்தான் ஹிம்செல்ஃப். நம் 'அவனை', 'தன்னை' வித்தியாசத்தையே முதலில் காட்டுங்கள், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஓரிடத்தில் தமிழ் கைகொடுக்காது. 'தேவனாம்பட்டினத்துக்குத் தன்னை அம்மா கூப்பிட்டதாக ரவி சொன்னான்' என்கிறோம். தன்னை என்று இருக்கிறதே என்று ஹிம்செல்ஃப் போட்டால் தப்பு. கூப்பிட்டது அம்மா, ரவி அல்ல. அதனால் 'ரவி செட் ஹிஸ் மதர் கால்டு ஹிம்' என்றுதான் வரும். பக்கத்திலுள்ள வினையை யார் செய்தார் என்று பார்க்கப் பழக்குங்கள். பெரியவர்களே தடுமாறும் இடம் இது.

அப்புறம், 'ரவி ஹிம்செல்ஃப் குக்ட் த ஃபிஷ்' என்பது வேறு வகை. ரவியே சமைத்தான் என்ற அழுத்தம் மட்டும்தான். எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

மை, மைன் குழப்பம் சின்னது. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் மை: 'மை பேக்'. வராவிட்டால் மைன்: 'திஸ் பேக் இஸ் மைன்'. யுவர், யுவர்ஸும் அப்படியே. ஹிஸ் மட்டும் இரண்டு இடத்திலும் மாறாது.

வகைகளின் பெயர்களை இப்போதைக்கு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். தினம் நாலைந்து வாக்கியம் அவளே எழுதட்டும்.